எல்லா வரியிலும் அவள் பெயர்

திரையில் பச்சைக் கோடு முக்கால்வாசி நிரம்பி நின்றுவிட்டது. சீனியரும் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த பெண்ணும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவமனைகளுக்கு முன்பதிவு செய்யும் ஓர் இணையச் செயலியைப் பராமரிப்பது அவர்கள் வேலை. அதைத் தாங்கும் அடித்தள மென்பொருளான ஃபிரேம்வொர்க்கின் பழைய பதிப்புக்கு ஆயுள் முடிந்துவிட்டதால், கோப்புகள் அத்தனையையும் புதிய பதிப்புக்கு மாற்றும் கருவி ஓடிக்கொண்டிருந்தது. சீனியரின் கணினி இழுத்தடித்ததால், அந்தப் பெண்ணின் கணினியில் ஓட்டினார்கள். அலுவலகத்தில் அவளுக்கு எறும்பு என்று பெயர். அவள் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை.

"அண்ணா, தூங்கிடுச்சா இது?"

"இவ்வளவையும் மென்னு முழுங்க வேணாமா? இரு."

ஒருவழியாகக் கோடு நிரம்பியது. எறும்பு ஒரு கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டது யார் என்று காட்டும் பக்கத்துக்குப் போனாள். மேலிருந்து கீழ்வரை அவள் பெயர்.

"ஐயோ, நான் ஒரு வரிகூட எழுதலையே!"

"உன் மெஷின்ல ஓடுச்சுல்ல? இனி மொத்த ஆஸ்பத்திரியும் உன் பேர்லதான். பார்ட்டி எப்போ?"

சிரித்துக்கொண்டே அதைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். மாதக் கடைசியில் அவளை நிரந்தரமாக்குவதாக மேலாளர் சொல்லியிருந்தார். நிரந்தரமானால் அம்மாவின் இடுப்பு அறுவைக்குக் கம்பெனிக் காப்பீடு கிடைக்கும்.

புதிய பதிப்பு ஏறிய மறுவாரம், யாரோ ஒரு நோயாளி தன் பதிவை ரத்து செய்தார். அந்த மருத்துவமனையின் அன்றைய பதிவுகள் அத்தனையும் ரத்தாகிவிட்டன. வெறும் வயிற்றோடு பரிசோதனைக்கு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

மேலாளர் கோளாறுக்குக் காரணமான வரியைத் திறந்து, அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயரைப் பார்த்தார். பிறகு எறும்பைக் கூப்பிட்டார்.

"கருவி மாத்தினது சார் அது..."

"கருவியக் கூப்பிட்டுக் கேள்வி கேக்க முடியுமா? உன் பேருதானே இருக்கு? நாளையிலேர்ந்து வர வேணாம்."

அவள் திரும்பி சீனியரைப் பார்த்தாள். பல வருஷங்களுக்கு முன், விடுப்பில் போகும் அவசரத்தில் அவர் எழுதிய வரி அது. நோயாளியின் எண் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று அன்று யோசிக்கவில்லை. பழைய பதிப்பு அதைப் பெரிய மனதோடு கண்டுகொள்ளாமல் விட்டது. புதியதோ, எண் இல்லையென்றால் எல்லோரும்தான் என்று எடுத்துக்கொண்டது. கருவி மாற்றுவதற்கு முன் அந்த வரி இருந்த நிலையை மேலாளர் ஒரு தடவை திறந்திருந்தால் அவர் பெயர் வந்திருக்கும். சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. தன் நாற்காலியும் போய்விடுமே என்று நினைத்ததும் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

சாயங்காலம் எறும்பு மேசையைத் துடைத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள்.

"அண்ணா, நான்தான் எதையோ பாக்காம விட்டுட்டேனா?"

"அதெல்லாம் இல்லம்மா. விடு."

"உங்களுக்கும் சங்கடம். சொல்லிக்குடுத்தவர் நீங்க."

அவள் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. லிஃப்ட் கதவு மூடும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த வரியைச் சரிசெய்து சேமித்தார். வேலை ஐந்து நிமிஷம்கூட இல்லை.

மேலாளர் பின்னால் வந்து தோளில் தட்டினார். "நல்லவேளை, நீங்க இருந்தீங்க."

திரையில் அந்த ஒரு வரிக்கு நேராக அவர் பெயர் இருந்தது. அதற்கு மேலும் கீழும், கண்ணுக்கு எட்டியவரை அவள் பெயர்.