ஒப்புக்குச் சப்பாணி

பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஓயாமல் தொணதொணவென்று கேள்வி கேட்டதில் தொணா என்ற பெயர்தான் ஒட்டிக்கொண்டது. அவள் வருவதைத் தூரத்தில் பார்த்தாலே குடியிருப்பின் காவல்காரர் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொள்வார், அழைப்பு வந்ததோ இல்லையோ.

ஆகவே தரைத்தளத்துக்குக் குடிவந்த சக்கர நாற்காலிச் சிறுமி அவளுக்குக் கிடைத்த புதையல். பிள்ளைகள் அந்தப் பெண்ணுக்குப் புதுசு என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வாள். தூங்கும்போது நாற்காலி எங்கே இருக்கும்? கட்டிலுக்குப் பக்கத்தில். செருப்பு தேயவே தேயாதா? தேயாது, ஆனால் கால் வளர்ந்து சின்னதாகிவிடும். மழையில் சக்கரம் வழுக்குமா? வழுக்கும், அதுதான் ஜாலி.

மாலையில் வண்டி நிறுத்தும் இடத்தில் கண்ணாமூச்சி. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், புதுசையும் சேர்த்துக்கொண்டார்கள். இருப்பவர்களில் மூத்தவன், எல்லோரும் பெரியவன் என்று கூப்பிடுகிற பையன், "இவ ஒப்புக்குச் சப்பாணி" என்று அறிவித்தான். தொணாவின் குட்டித் தம்பிக்கும் அதே பதவிதான். ஒளியலாம், கத்தலாம், கண்டுபிடித்தாலும் அவுட் கிடையாது.

புதுசு தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள். தூணின் இரண்டு பக்கமும் சக்கரம் பிதுங்கிக்கொண்டு நின்றது. தேடி வந்தவன் நேர் எதிரே நின்று, யாரையும் காணோமே என்று நடித்துவிட்டுப் போனான். அடுத்துத் தேடிய தொணாவும் அப்படியே செய்தாள்.

ஆட்டம் முடிந்ததும் புதுசு, "நாளையிலேர்ந்து நான் வரல. நீயும் எங்க வீட்டுக்கு வராத" என்றாள். தொணாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏன், ஏன் என்று பின்னாலேயே போனாள். முதன்முறையாகப் பதில் வரவில்லை.

வீட்டில் தொணாவின் அம்மா தையல் இயந்திரத்தில் மும்முரமாக இருந்தாள். சப்பாணி என்றால் என்னம்மா என்றதும் இயந்திரம் நின்றது. நடக்க முடியாதவர்களை அந்தக் காலத்தில் அப்படிச் சொல்வார்கள், இனி அந்த வார்த்தையை எடுத்தால் வாயைச் சேர்த்துத் தைத்துவிடுவேன் என்றாள். ஒப்புக்கு என்றால்? சும்மா பேருக்கு, நிஜமில்லாமல். அவ்வளவுதான், இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

தொணா மண்டையைக் குடைந்துகொண்டாள். தம்பி நடக்கிறான், குதிக்கிறான். அவன் ஒப்புக்குச் சப்பாணி என்பது சரியாக வருகிறது. ஆனால் புதுசு? அங்கேதான் இடித்தது.

மறுநாள் பிள்ளைகளை எல்லாம் இழுத்துக்கொண்டு புதுசின் வீட்டு வாசலில் போய் நின்று போட்டு உடைத்தாள்.

"இவ எப்படி ஒப்புக்குச் சப்பாணி ஆக முடியும்? இவளால நிஜமாவே நடக்க முடியாதே. தம்பிதான் ஒப்புக்கு. இவ ஆட்டத்துல சேத்தி."

பெரியவனின் முகம் செத்துப்போனது. அந்த வார்த்தைக்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்றே அவன் நினைத்ததில்லை. தொணாவும் அப்போதுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். புதுசு அவளையே பார்த்தாள். உதடு துடித்தது, அழுகை என்று நினைத்தால் சிரிப்பு.

"கண்டுபிடிச்சா அவுட்டுன்னு சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

அன்று தொணாதான் கண்ணைப் பொத்தினாள். தேடி வந்தபோது ஒரு வேனுக்கு அடியில் சக்கரம் கூடுதலாகத் தெரிந்தது. பழக்க தோஷம், கால் தானாக விலகப் பார்த்தது. பாவம் என்று மனசு வேறு இழுத்தது. சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது.

"வேனுக்குப் பின்னாடி புதுசு, அவுட்."

புதுசு முகம் சிவக்க வெளியே வந்தாள். இன்னும் ஒளிந்தே முடிக்கவில்லை, இது அழுகுணி ஆட்டம் என்று சண்டைக்கு நின்றாள். தொணா விட்டுக்கொடுக்கவில்லை. மற்ற பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்து கத்தினார்கள். கடைசியில் புதுசு முணுமுணுத்தபடி சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணைப் பொத்தி எண்ண ஆரம்பித்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, பத்து..."

"ஏமாத்துறா" என்று கத்திக்கொண்டே எல்லோரும் விழுந்தடித்து ஓடினார்கள், பெரியவன் உட்பட.