வயிற்று மடிப்பு

என் நாய் காதைச் சொறியும். மற்றவர்கள் ரூபாய் நோட்டில் மடிக்கிற நாயெல்லாம் சும்மா நிற்கும், மிஞ்சிப்போனால் உட்காரும். என்னுடையது பின்னங்காலைத் தூக்கிக் காதுக்குக் கொண்டுபோய் சுகமாகத் தலையைச் சாய்த்திருக்கும். அந்த ஒரு காலைத் தூக்க வைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

மருந்துக்கடையில் கல்லாவில் உட்காருகிறவள் நான். புது நோட்டு வந்தால் என் பையில் இருக்கும் பழைய நோட்டைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வேன். மொறமொறவென்று இருக்கிற நோட்டுதான் மடிப்பைப் பிடிக்கும். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, மடிக்க மட்டும்தான் செய்யலாம். "எல்லாரும் சம்பளத்த செலவு பண்ணுவாங்க, நீ ஒருத்திதாம்மா மேய்க்கிற" என்பார் கடை முதலாளி.

இந்த வேலைக்கு நகம் முக்கியம். கட்டைவிரல் நகத்தால் அழுத்தி இழுத்தால்தான் மடிப்பு கூர்மையாக விழும். எனக்கு வலது கட்டைவிரலில் நகம் கிடையாது. சின்ன வயதில் அண்ணன் ஓடிப்போய்க் கதவை அறைந்து சாத்தினான், என் விரல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. போன நகம் போனதுதான், திரும்ப முளைக்கவே இல்லை. நாயின் வயிற்றுப் பக்கம் ஒரு குறுகலான இடம் வரும். இடது கைக்கு நாயைப் பிடித்துக்கொள்ளவே சரியாக இருக்கும். அதனால் அங்கே முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை மடித்துத் தாளை இளக்கிக்கொள்வேன். அதற்கப்புறம்தான் எனக்குக் கால் தூக்கும். மடித்து முடித்த பிறகும் வயிற்றில் குறுக்கே ஒரு கோடு தெரியும். "உன் நாய்க்கும் தொப்பை மடிப்பு வந்துடுச்சா?" என்று முதலில் சிரித்தவன் அண்ணன்தான்.

அவன் கால் முறிந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது வேலை முடிந்ததும் நேராக அவன் வீட்டுக்குத்தான் போவேன். பொழுது போகாமல் அண்ணியைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தான். சரி, கையாவது சும்மா இல்லாமல் இருக்கட்டும் என்று மடிக்கக் கற்றுக்கொடுத்தேன். கடைசியில் என் நாயை மடிக்கவும் கற்றுக்கொடுத்தேன். எங்கள் மடிப்புச் சங்கத்தின் கண்காட்சியில், புதிதாக உருவாக்கிய மிருகத்துக்குத் தனி மேசை உண்டு. பக்கத்தில் உருவாக்கியவரின் பெயர் எழுதிய அட்டை வைப்பார்கள். அதற்கு முன் வேறெங்கும் வெளிவந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. அந்த அட்டையில் என் பெயரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்படியொரு ஆசை.

"கண்காட்சி வரைக்கும் யாருக்கும் காட்டாத, அண்ணா."

"என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராது, போ."

நம்பினேன். கூடப் பிறந்தவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

நேற்று மாத்திரை வாங்க வந்த தையல்காரம்மா செல்போனை நீட்டினார். "இங்க பாரேன், உன்ன மாதிரியே ஒருத்தர் நோட்டுல நாய் மடிக்கிறாரு. அது காதச் சொறியுது!"

திரையில் முகம் இல்லை, இரண்டு கைகள் மட்டும். மோதிரத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அண்ணன் கல்யாணத்துக்கு நான் தேடித்தேடித் தேர்ந்தெடுத்த மோதிரம். "இது முழுக்க முழுக்க நானே உருவாக்கினது" என்றது குரல். வயிற்றுக்கு வந்ததும் கை நின்றது. "இங்கதான் ரகசியமே இருக்கு. முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ. இது இல்லாட்டி கால் தூக்காது."

பத்து விரலிலும் நகம் இருக்கிறவன் சொல்கிறான். கண்காட்சியும் போயிற்று, அட்டையும் போயிற்று.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் சோபாவில் சாய்ந்தபடியே சிரித்தான்.

"அட, ஒரு நாய்க்காகவா மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்க? அண்ணன் தங்கச்சிக்குள்ள என்ன உன்னுது, என்னுது?"

"அப்ப ஏன் 'நானே'ன்னு சொன்ன? 'நாங்க'ன்னு வரலையே உன் வாயில."

"ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான். அதப்போயி..."

"அந்த வயித்து மடிப்பு எதுக்கு?"

"அது இல்லாட்டி கால் தூக்காதே."

பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். "அது இல்லாம மடி."

மடித்தான். நன்றாகப் பழகிய கை, நான் பழக்கிய கை. வயிற்றுக்கு வந்ததும் கட்டைவிரல் நகத்தால் ஒரே இழுப்பு. கால் ஜம்மென்று தூக்கிக்கொண்டது. வயிற்றில் ஒரு கோடு இல்லை. நான் மடித்த எந்த நாயும் அத்தனை அழகாக இருந்ததில்லை.

"அட!" என்றான். "அப்ப நீ எதுக்கு அத வச்ச?"

கட்டைவிரலை அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

விரலைப் பார்த்தான். "ஓ, ஆமால்ல! சின்ன வயசுல நீயே கதவ இழுத்து நசுக்கிக்கிட்டியே."

அப்பாவிடம் அன்றைக்கு அப்படிச் சொன்னது நான்தான். உண்மையைச் சொன்னால் அவன் முதுகு பழுத்துவிடும் என்று, விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு, "நானே சாத்திக்கிட்டேம்பா" என்றேன். அப்பாவுக்குப் பின்னால் வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தவன் இவன்தான்.

"உங்கண்ணன் அடிக்கடி சொல்வாரு" என்றார் அண்ணி. "சின்னதுலேருந்தே உனக்குக் கவனம் பத்தாதுன்னு."

"கதவச் சாத்தினது நீ, அண்ணா."

"என்ன உளர்ற?"

அவன் நடிக்கவில்லை. நடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவனைக் காப்பாற்ற நான் சொன்ன பொய்யை அவனே நம்பிக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நாள் போனால் நாயையும் தானே உருவாக்கியதாக நம்பிவிடுவான்.

அதற்குள் அவன் கண் மறுபடி நாயின் மேல் போய்விட்டது. "இது இன்னும் சூப்பரா இருக்குல்ல? அந்த மடிப்பத் தூக்கிட்டு நாளைக்கே புது வீடியோ போட்டுடறேன். வேணும்னா, இந்த யோசனை என் தங்கச்சி குடுத்ததுன்னு சொல்லிடறேன், போதுமா?"

"நோட்டக் குடு."

"இருக்கட்டுமே, வீடியோவுக்கு..."

"என் நோட்டு."

அவன் கையிலிருந்து பிடுங்கி அங்கேயே பிரித்தேன். காது, வால், தூக்கிய கால், எல்லா மடிப்பின் கோடும் தாளில் இருந்தது. என் கோடு மட்டும் இல்லை.