நாலாம் இலக்கக்காரரைக் கடைசியாகக் கண்ட நாள்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை ஒரு கொப்பியிலிருந்து, ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து வந்தது, அந்தக் கொப்பி என்னுடையதல்ல. டொக்டர் பத்மாசினி பத்திரமாக வைத்திருக்கச் சொல்லித் தந்தார். பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்கத்தான் முடியவில்லை.

நான் சிமியோன். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இரத்தம் பரிசோதிக்கிற ஆள். மின்சாரம் கிடையாது. நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி வெண்குழியங்களை எண்ணுவேன். முகில் மறைத்தால் எண்ணிக்கை நின்றுவிடும்.

கொப்பியில் இருந்தது டொக்டரின் ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்காதீர்கள். ஒரு கொப்பி, ஒரு சைக்கிள், நாலு நோயாளிகள். நாலு பேரும் இந்தியாவுக்குப் போய் மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டு வந்தவர்கள். இன்னொருவருடைய சிறுநீரகத்தோடு உடம்பு சண்டைக்குப் போகாமலிருக்க, ஆயுள் முழுக்கக் குளிசை, அதாவது மாத்திரை, போடவேண்டும். அந்தக் குளிசை உடம்பின் காவலையே தூங்கவைத்துவிடும். அப்போது பார்த்து ஒரு வைரசு வந்தால் தடுக்க ஆளில்லை. குளிசையை எவ்வளவு குறைத்தால் ஆளும் தப்பலாம், சிறுநீரகமும் தப்பலாம்? டொக்டருடைய கேள்வி அவ்வளவுதான்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் அடியில் ஒரு கட்டம்: ‘கடைசியாகக் கண்ட திகதி’. ஆள் இருக்கும்வரை பென்சில். ஒவ்வொரு முறை பார்த்துவிட்டு வந்ததும் பழைய திகதியை அழித்துப் புதியதை எழுதுவார். ஆள் போய்விட்டால் மை. முதல் மூன்று பக்கங்களிலும் மைதான். நாலாம் பக்கத்தில் அழித்து அழித்துத் தாள் ஓட்டை விழுகிற அளவுக்கு மெலிந்துபோயிருக்கிறது. எனக்கு உலகத்திலேயே பிடித்த தாள் அது.

2

எப்படித் தொடங்குவது?

‘1992ஆம் ஆண்டு வைகாசி மாதத்து வெயில் இணுவிலின் செம்மண்ணைச் சுட்டெரித்துக்கொண்டிருந்த அந்த—’

வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகளை நானே வாசிப்பதில்லை.

‘செல்வநாயகம் ஒரு சாதாரண மனிதர். ஆனால்—’

சுத்தப் பொய். பெற்றோல் இல்லாத ஊரில் மண்ணெண்ணெயை ஊற்றி மோட்டார் சைக்கிளை ஓடவைத்தவர், அதுவும் பின்னால் அக்காவை ஏற்றிக்கொண்டு, எப்படிச் சாதாரண மனிதராவார்?

சரி, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். செல்வநாயகத்துக்கு முப்பத்தாறு வயது, இணுவிலில் சைக்கிள் கடை. கொப்பியில் அவர் நாலாம் இலக்கம். அவருக்குச் சிறுநீரகம் கொடுத்தவர் அவருடைய அக்கா மகாதேவி. அந்த வைகாசியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொப்பளிப்பான் என்கிற சின்னம்மை வந்தது. இரண்டு கிழமையில், பதினாலு நாளில், செல்வநாயகத்துக்கும் வந்தது. பிள்ளைக்கு அது பள்ளிக்கூடம் போகாத ஒரு கிழமை. காவல் தூங்குகிற உடம்புக்கு அது உயிரோடு விளையாட்டு. அதற்கென்று ஒரு மருந்து இருந்தது, கொழும்பில். அங்கே போகும் பாதையைப் போர் மூடியிருந்தது.

எங்கள் ஊரில் கொப்பளிப்பானுக்குப் பெயர் அம்மாள். அம்மாள் வந்த வீட்டு வாசல் படலையில் வேப்பிலை கட்டுவார்கள். தாளிக்கமாட்டார்கள். வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். மருந்து என்ற பேச்சே கூடாது. அம்மாள் இறங்கியதும் மூன்று முறை தலைக்குத் தண்ணீர் வார்த்து அனுப்பிவைப்பார்கள். மகாதேவி எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். அதனால் சிறுநீரகத்துக்கான குளிசைகளையும் முறைப்படி நிறுத்திவிட்டார்.

3

அம்மாள் வந்த நாலாம் நாள் நானும் டொக்டரும் சைக்கிளில் போய் இறங்கினோம். மகாதேவி படலைக்கு உள்ளே, நாங்கள் வெளியே.

“உங்களை வரவேண்டாம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லைப் பிள்ளை. ஆனா அம்மாள் இருக்கிறா.”

“குளிசை குடுத்தனீங்களோ அக்கா?”

“ஒண்டும் குடுக்கேல்லை. நாலு நாளாச்சு.”

“ஆள் எப்பிடி?”

“எழும்பினால் தலை சுத்துதாம். சத்தி எடுக்கிறான். கை கால் சில்லிட்டுப்போய்க் கிடக்கு.”

குளிசை இரண்டு வகை. மஞ்சள் குளிசைதான் காவலைத் தூங்கவைப்பது. வெள்ளைக் குளிசையைப் பல வருடம் போட்ட உடம்பு அது இல்லாமல் நிற்காது.

“மஞ்சளை நிப்பாட்டினது நல்லதக்கா,” என்றார் டொக்டர். “நானும் அதைத்தான் சொல்லியிருப்பன். வெள்ளையை நிப்பாட்டினதுதான் பிழை. பிரஷர் விழுந்து ஆள் போயிடும். இண்டைக்கே தொடங்கவேணும்.”

“அம்மாள் கோவிச்சு அவனைக் கொண்டுபோனால் ஆர் பதில் சொல்லுறது? நீங்களோ?”

[முதல் பிரதியில் இந்த இடத்தில் மகாதேவியை அழவைத்தேன். அரைப் பக்கம் அழுதார். பிறகு வெட்டிவிட்டேன். வயிற்றைக் கிழித்து ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு, தையல் பிரிக்கும் முன்பே தம்பிக்குக் கஞ்சி காய்ச்ச எழும்பிய பெண் அவர். அழவைத்தது என்னுடைய சோம்பல்.]

டொக்டர் சைக்கிளை வேலியில் சாய்த்தார். வேப்பிலைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே கேட்டார்.

“அக்கா, உந்தக் கிட்னி ஆற்றை?”

“என்ரை.”

“உங்களுக்கு அம்மாள் எப்ப வந்தவ?”

“எட்டு வயசிலை.”

“தண்ணி வாத்ததோ?”

“ஓம். மூண்டு தண்ணியும் வாத்தது.”

“அப்ப உங்கடை கிட்னிக்கு அம்மாள் வந்திட்டுப் போயிட்டா. இப்ப தம்பியிட்டைத்தான் வந்திருக்கிறா, உங்களிட்டை வரேல்லை. நான் அவருக்கு மருந்து தரேல்லை. உங்கடை கிட்னிக்குத் தாறன்.”

மகாதேவி டொக்டரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீங்கள் வேதமெல்லோ?”

“ஓமக்கா.”

“அப்ப பக்கம் சாயாமல் சொல்லுங்கோ. இவ சொல்லுறது ஞாயமோ?”

“ஞாயந்தானக்கா,” என்றேன். கத்தோலிக்கனான நான் அம்மாள் விவகாரத்தில் வழங்கிய ஒரே தீர்ப்பு அது. அது முழு உண்மை அல்ல.* டொக்டருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். மகாதேவிக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

“அப்ப நான்தான் குடுப்பன். என்ரை சாமானுக்கு என்ரை கையாலை,” என்று சொல்லிக் குளிசை இருந்த தகரப் பேணியைத் திறந்து உள்ளே கொண்டுபோனார்.

அறைக்குள்ளிருந்து ஈனக்குரலில் ஒரு சத்தம்: “கிட்னி உன்ரையெண்டால் வாய் என்ரையெல்லோ அக்கா! கசக்குது!”

படலைக்கு வெளியே நின்று டொக்டர் சிரித்தார். கண்ணையும் துடைத்தார். அழுகிற பாத்திரம் கதைக்குத் தேவையென்றால் அவர் இருக்கிறார், அவரை நான் வெட்டப்போவதில்லை.

* வெள்ளைக் குளிசை தம்பியின் உடம்பு முழுவதற்கும்தான். அதோடு, அதைக் கொடுத்தால் வைரசு இன்னும் துள்ளலாம் என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்தைத் திரும்பி வரும் வழியில்தான் டொக்டர் என்னிடம் சொன்னார்.

4

அன்று டொக்டர் கொப்பியில் எழுதியது: ‘மஞ்சள், முதல் நாளே நிறுத்தம். நிறுத்தியவர்: அம்மாள்.’ எந்த மருத்துவ இதழும் போடாத வரி. முதல் மூன்று பேருக்கும் மஞ்சளைக் குறைக்கத் தயங்கித் தயங்கி நாள் போய்விட்டது என்று அவர் தன்னையே நொந்துகொண்டிருந்தவர். அவருக்கு வராத துணிச்சல் ஒரு வேப்பிலைக் கொத்துக்கு வந்திருந்தது.

பதின்மூன்றாம் நாள் செல்வநாயகத்துக்குத் தண்ணீர் வார்த்தார்கள். பிறகு மஞ்சளும் திரும்பத் தொடங்கியது. அக்காவின் சிறுநீரகத்துக்கு ஒரு குறையுமில்லை. “ஒராளை வைச்சு ஒண்டையும் நிறுவேலாது சிமியோன்,” என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

அதன்பின் மூன்று வருடம் மாதாமாதம் பென்சில். கடைசித் திகதி, 27.10.1995.

5

இனித்தான் எனக்குக் கஷ்டம்.

மூன்று நாள் கழித்து, இராணுவம் நெருங்க, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் எழும்பி நடந்தது. டொக்டர் ஆஸ்பத்திரி நோயாளிகளோடு பருத்தித்துறைப் பக்கம் போகும்போது, என்னிடம் பொலித்தீன் பை இருந்ததால் கொப்பியைத் தந்தார். அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை. நாவற்குழிப் பாலத்தில், மழைக்குள், சனத்துக்குள், செல்வநாயகம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கரியரில் மகாதேவி, மடியில் குளிசைப் பேணி.

“எத்தினை நாளைக்கு இருக்கு?” என்று கத்தினேன்.

“பதினொரு நாளைக்கு!” என்று மகாதேவி கத்தினார். சனம் தள்ளியது. கரையேறியதும் பழைய திகதியை அழித்து நானே எழுதினேன்: 30.10.1995.

முடிவு (அ): கொடிகாமத்தில் குளிசை கிடைத்தது. செல்வநாயகம் ஒரு புளியமரத்தின் கீழே சைக்கிள் கடை போட்டார்.

முடிவு (ஆ): பன்னிரண்டாம் நாள் காலையில் மகாதேவி பேணியைத் திறந்து—

இல்லை. இதை நான் எழுதமாட்டேன்.

கொடிகாமத்தில் விசாரித்தேன், சாவகச்சேரியில் விசாரித்தேன். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஒருவரைக் கிளிநொச்சியில் கண்டதாக யாரோ சொன்னார்கள். அப்படிப்பட்டவர்கள் எங்களிடையே ஆயிரம் பேர். எனக்கு உண்மையாகவே தெரியாது. தெரியாதது என்னை இன்றும் வாட்டுகிறது.

ஆனால் கொப்பிக்கு ஒரு விதி உண்டு: கண்டவர் எழுதவேண்டும். நான் அவரைக் கடைசியாகக் கண்டது பாலத்தில். அதன்பிறகு கண்டவர் நீங்கள்தான். சற்று முன்புதான் அறைக்குள்ளிருந்து கசக்குது என்று கத்தினார், கேட்டீர்கள். இன்று என்ன திகதி? என்னுடையதை அழித்துவிட்டு அதை எழுதுங்கள். மெதுவாக அழியுங்கள், தாள் மெலிந்துபோயிருக்கிறது.

பென்சிலால் எழுதுங்கள்.