பைக்குள் பிள்ளையார் சுழி

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு மாடி வீட்டில்தான் சுகுமாரின் ஆன்லைன் கடை. கைப்பைகளின் படங்களை ஏற்றி, ‘தயாரிப்பு நாடு’ என்ற இடத்தில் இத்தாலி என்று போடுவது ஜீவிதாவின் வேலை. வாங்கியவர்கள் எதையாவது கேட்டால் பதில் எழுதுவதும் அவள்தான். அந்தப் பைகளைப் பல்லாவரத்தில் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவர்களில் அவள் அம்மா எல்லம்மாவும் ஒருத்தி.

“பாஸ்போர்ட் இல்லாமயே நம்ம வூடு இத்தாலிக்குப் பூட்ச்சுடி!” என்று எல்லம்மா சிரிப்பாள்.

செவ்வாய்க்கிழமை திருச்சியிலிருந்து கோகிலவாணி என்பவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். வாங்கிய பையின் உள்துணிக்குள் அவர் கம்மல் நழுவிவிட்டதாம். எடுப்பதற்காகத் துணியைப் பிரித்திருக்கிறார். உள்ளே தோலில் பேனாவால் போட்ட பிள்ளையார் சுழி. பக்கத்தில் மஞ்சள் தீற்றல்.

‘இத்தாலியில இப்ப பிள்ளையாரைத்தான் கும்பிடறாங்களா? நாளைக்குள்ள உண்மையைச் சொல்லுங்க. இல்லன்னா புகார் கொடுப்பேன்.’

யார் போட்ட சுழி என்று ஜீவிதாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. புது மாடல் எது வந்தாலும், முதல் பையில் சுழி போட்டு மஞ்சள் தொட்டு வைக்காமல் அம்மா தைக்க உட்காரமாட்டாள்.

சுகுமார் படத்தைப் பார்த்தார். “எந்தப் பொம்பளை வேலை இது? கண்டுபிடி. அவங்களுக்கு இனிமே பை கிடையாது.”

“எங்கம்மா சார்.”

அவர் மேஜையடியில் இருந்த தோல் மூட்டையை அவள் பக்கம் தள்ளினார். “சரி, உங்கம்மான்றதால விடறேன். இனிமே சுழி கூடாது. இந்தப் புது மாடலைக் கொண்டுபோய்க் கொடு. அந்த மேடத்துக்கு, இத்தாலிக் கம்பெனியில நம்மூர்க்காரர் ஒருத்தர் வேலை செய்யறார்னு எழுதிடு.”

எழுதக் கை வரவில்லை. தோல் மூட்டையோடு வீட்டுக்கு வந்தாள்.

அரிசி களைந்துகொண்டிருந்த எல்லம்மாவிடம், இனிமேல் சுழி கூடாதாம் என்றாள். “சுழி போடாம நான் இன்னாத்தடி ஆரம்பிச்சிகீறேன்? பொய் எழுதுறது அவரு. அழிக்கச் சொல்றது மட்டும் என் சாமியவா? மூட்டைய எட்த்துனு போ.”

“வேலை பூடும்மா.”

“பூட்டும்.” கை நின்றது. “உனுக்கும் பூடுமா?”

ஜீவிதா மூட்டையை மறுபடி தூக்கிக்கொண்டாள்.

“அத்த நீ பாத்துக்கோ. என்னுத நான் சொல்லிட்டேன்.”

மறுநாள் சுகுமார் வருவதற்கு முன்பே, பிரிக்காத மூட்டையை அவர் மேஜைமேல் வைத்தாள். ‘இத்தாலிக் கம்பெனியில்’ என்று தொடங்கினாள். அழித்தாள். பிறகு நிறுத்தாமல் எழுதினாள்.

‘மேடம், உங்கள் பை பல்லாவரத்தில் தைத்தது. சுழி போட்டது என் அம்மா. இத்தாலி என்று போட்டது நான். நல்ல தோல்தான், அது பொய் இல்லை. கம்மல் கிடைத்ததா?’

அனுப்பினாள். கீழே சுகுமாரின் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஜீவிதா சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, அவர் படியேறி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.