நரைத்த புருவம்

புருஷன் மருந்துச் சோதனையில் சேர்ந்த நாளிலிருந்து பஸ் டிரைவரின் மனைவிக்கு ஒரே வேலை, அவர் புருவத்தைப் பார்ப்பது. அவருக்குத் தொடைத் தசையில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரல்வரை போய்விட்டது. பழைய மருந்துகள் கைவிரித்துவிட்டன. இந்தப் புது மாத்திரை, கட்டிக்குத் தீனி போடும் ரத்தக் குழாய்களைத் தேடிப் பிடித்து அடைக்குமாம். ஆனால் பாதிப் பேருக்குத்தான் நிஜ மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. உயிரை வைத்துக்கொண்டு இது என்ன கண்ணாமூச்சி என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நிஜ மருந்தென்றால் முடி வெளுக்கலாம் என்று நர்ஸ் போகிற போக்கில் சொல்லிவைத்தார். அவ்வளவுதான், அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு காலை, ஷேவ் செய்துகொண்டிருந்தவரின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். இடது புருவத்தில் வெள்ளை.

"வந்துருச்சுங்க."

"என்ன வந்துருச்சு? கிழட்டுத்தனமா?"

"உங்களுக்கு நிஜ மருந்துதான் குடுக்கறாங்க."

புருஷன் கிழவனாவதைக் கொண்டாடியவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். தலைகால் புரியாமல் நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னாள். கொஞ்ச நாளில் தலையும் வெளுத்தது. பார்க்க வந்த டிப்போ ஆட்கள் 'தாத்தா' என்று கிண்டலடித்தார்கள். அவரும் சிரித்தார்.

பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். கட்டிகள் வளர்ந்திருந்தன.

"இந்த மாத்திரைய நிறுத்திடலாம்," என்றார் டாக்டர். "உங்களுக்கு எது குடுத்தோம்னு கேட்டிருக்கேன், நாளைக்குத் தெரிஞ்சிடும். வெறும் மாத்திரையா இருந்தா நிஜ மருந்த ஆரம்பிக்கலாம். நிஜ மருந்தாவே இருந்தா..." ஃபைலை மூடினார்.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. இத்தனை நாள் எதை வேண்டிக்கொண்டாளோ அதுவே இப்போது இருக்கக் கூடாது. சட்டென்று மனசை எப்படித் திருப்புவது? வெளுக்கலாம் என்றுதானே நர்ஸ் சொன்னார், வெளுத்தால் மருந்துதான் என்றா சொன்னார்? வயசானாலும் நரைக்கும். கவலையிலும் நரைக்கும். பயமாக இருந்தது.

"எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் நரைச்சுது," என்றார் அவர், அவள் கேட்காமலேயே.

மாமனாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள்தான். எண்பது வயதில் கண்ணை மூடியபோதும் அந்த மனிதருக்குத் தலை கருகருவென்றுதான் இருந்தது.

"ஆமாங்க," என்றாள். "உங்க பரம்பரையே அப்படித்தானே."