கண்டங்கத்திரிப் புகை

அசோக்குமார் நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட் ஆபரேட்டர். மண்ணை வெட்டும் ராட்சத இயந்திரத்தின் உச்சியில், பல மாடி உயரத்தில் உட்கார்ந்து எட்டு மணி நேரம் ஓட்டுவார். அங்கெல்லாம் வராத நடுக்கம் பல் டாக்டரின் நாற்காலியை நினைத்தால் வந்துவிடும்.

நான்கு நாளாகக் கடைவாய்ப்பல் வலி. சோற்றைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். மனைவி சண்முகப்ரியா பள்ளியில் பயாலஜி டீச்சர். "டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கட்டுமா?" என்று தினமும் கேட்டாள். வாயைத் திறக்காமலே வேண்டாம் என்று தலையாட்டினார்.

அவருடன் ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி ராயப்பன், கம்மாபுரத்துக்காரர். வீங்கிய கன்னத்தைப் பார்த்ததும் அவர் வழி சொன்னார்.

"டாக்டரு எதுக்கு சார்? கண்டங்கத்திரி வெதயில பொக போட்டா பூச்சி தானா கொட்டிடும். எங்கப்பாரு ஊருக்கே போட்டுகினு இருந்தாரு. நீங்க பழம் பறிச்சி வையிங்க. ஞாயித்திக்கெழம வூட்டுக்கே வர்றேன்."

ஞாயிறு காலை, குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலிருந்த காலி இடத்துக்கு அசோக்குமார் பையோடு போனார். கண்டங்கத்திரி தரையோடு தரையாகப் படர்ந்து, ஊதாப் பூவும் மஞ்சள் பழமுமாகக் கிடந்தது. தண்டில் முள், காம்பில் முள், இலையின் நடு நரம்பில்கூட ஊசி ஊசியாக முள். எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை. நாலு விரலில் ரத்தம் பார்த்த பிறகு, வசதியாகப் பறிக்கலாம் என்று குந்தினார். பின்னாலும் ஒரு செடி இருந்ததைக் கவனிக்கவில்லை. அவர் போட்ட சத்தத்தில் எதிர்வரிசை வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

பத்து மணிக்கு ராயப்பன் வந்து பையைக் கொட்டினார். மஞ்சள் பழங்களை எடுத்துக்கொண்டு, வெள்ளை வரியோடிய பச்சைக் காய்களை ஒதுக்கினார். அசோக்குமார் ஒரு காயைக் கையில் எடுத்தார்.

"இதை அப்படியே கடிச்சா சீக்கிரம் கேக்குமா?"

ராயப்பன் வெடுக்கென்று பிடுங்கினார். "ஐயய்ய! அத்த வாயில வெச்சிடாதீங்க சார். வாந்தியும் பேதியுமாப் பூடும். அப்புறம் பல்லு வலியே மறந்துடும்."

ஒரு தட்டில் தண்ணீர். நடுவில் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டு. அதன்மேல் எண்ணெயில் பிசறிய விதைகளைப் போட்டு, கண்ணில் ஓட்டை போட்ட கொட்டாங்கச்சியால் மூடினார் ராயப்பன். ஓட்டையில் செருகிய பப்பாளித் தண்டு வழியாகப் புகை அசோக்குமாரின் வாய்க்குள் போனது. அவர் இருமினார், அழுதார், எச்சில் வழிய உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷம் கழித்துக் கொட்டாங்கச்சியைத் தூக்கினால், தண்ணீரில் வெள்ளையாய் மெல்லிய பூச்சிகள்!

"பாத்தீங்களா?" என்றார் ராயப்பன். பல்லும் நிஜமாகவே மரத்திருந்தது. அசோக்குமார் அந்தத் தட்டைப் படமெடுத்து பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் ஆறு பேர். அசோக்குமார் ராயப்பனை மறுபடி வரவழைத்தார். முதல் ஆள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நல்லசாமி. "எனக்கும் போடுப்பா. ஈறு நமநமங்குது."

ராயப்பன் போட்டார். அசோக்குமாருக்கு வந்ததைவிட அதிகமாகவே பூச்சி வந்தது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

சமையலறை வாசலில் நின்றிருந்த சண்முகப்ரியா கேட்டாள், "அண்ணாச்சி, உங்களுக்கு ஒரு பல்லுகூடக் கிடையாதே?"

நல்லசாமி யோசித்தார். பிறகு வாய்க்குள் கைவிட்டு, மேலும் கீழுமாக இரண்டு பல்செட்டையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இப்ப யார் வாயும் வேண்டாம். சும்மா போடுங்க," என்றாள் அவள். ராயப்பன் சும்மா போட்டார். அப்போதும் பூச்சி வந்தது. அவள் ஒரு விதையை ஊசியால் கீறி, பூதக்கண்ணாடியை அவரிடம் நீட்டினாள். உள்ளே அதே வெள்ளைச் சுருள்.

"விதைக்குள்ள இருக்கற முளை இது. சூட்டுல தோல் வெடிச்சு வெளிய விழுது."

ராயப்பன் நெடுநேரம் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்ப எங்கப்பாரு பொய் சொல்லிகினு இருந்தாரா டீச்சர்?"

"இல்லைங்க. அவர் கண்ணால பாத்ததைத்தான் சொல்லியிருக்கார். வலியும் கொஞ்ச நேரம் மரத்துப்போகுதே. ஆனா சொத்தை அப்படியேதான் இருக்கும்."

ராயப்பன் தன் கன்னத்தைத் தடவினார். "எனக்கே ரெண்டு வருசமா ஒண்ணு வலிச்சிகினு கெடக்கு. மாசாமாசம் பொக போட்டுக்கறேன். ஒரு பல்லுல இவ்ளோ பூச்சி எங்கேர்ந்து வருதுன்னு நானும் யோசிச்சிகினுதான் இருந்தேன்."

முதலில் சிரித்தவர் அவரேதான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. நல்லசாமி பல்செட் இல்லாமலே சிரித்தார்.

ராத்திரியே அசோக்குமாருக்கு வலி திரும்பிவிட்டது. மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் அவரும் ராயப்பனும் மந்தாரக்குப்பத்தில் ஒரு பல் கிளினிக்குக்குப் போனார்கள். உள்ளேயிருந்து மெஷின் சத்தம் கேட்டதுமே அசோக்குமார் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

"இருங்க சார், நான் மொதல்ல போறேன்," என்று ராயப்பன் எழுந்தார்.

அரை மணி கழித்து வாயில் பஞ்சோடு வந்தார்.

"வலிச்சுதா?"

இல்லை என்று ராயப்பன் பலமாகத் தலையாட்டினார். ஆட்டிய வேகத்தில் கண்ணிலிருந்து ஒரு சொட்டு அசோக்குமாரின் சட்டையில் விழுந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி எழுந்து உள்ளே போனார்.