வேறு வருமானம் ஏதாவது உண்டா

ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தவளை, ஓய்வு பெற்ற பிறகும் எல்லோரும் ஆப்பரேட்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆயிரத்து இருநூறு எக்ஸ்டென்ஷன் நம்பர்கள் அவள் தலையில் இருந்தன. ஒரு நாள் போர்டைத் தூக்கிவிட்டு மெஷினை வைத்தார்கள். நம்பர்கள் மட்டும் அவள் தலையிலேயே தங்கிவிட்டன. அந்த ஞாபகசக்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், எதிர் வீட்டுக்காரர்கள் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று ஒரு வருஷம் கவனித்துக்கொண்டிருந்தாள். அதற்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. பிறகுதான் இந்த வேலை கிடைத்தது.

மக்களுக்கு வருமான வரிக் கணக்கைத் தயார் செய்து தாக்கல் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்று. தெருவுக்குத் தெரு கிளை. கிளைகளில் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று தலைமை அலுவலகத்துக்குத் தீராத சந்தேகம். அதனால் ஒரு ஏஜென்சி மூலம் ரகசியமாக ஆள் அனுப்பும். போகிற ஆள் சாதாரண வாடிக்கையாளரைப் போல உட்கார்ந்து, ஏஜென்சி எழுதிக் கொடுத்த கதையைச் சொல்லி, கையெழுத்துப் போடும் நேரத்தில் "ஒரு பேப்பரை வீட்டில் விட்டுட்டேன்" என்று எழுந்து வந்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்து நாற்பது கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்பினால் கூலி.

ஏஜென்சி அவளை நான்கு தடவை விதவையாக்கியது. இரண்டு தடவை விவாகரத்து செய்துவைத்தது. அவள் புருஷனுக்கு இதில் வருத்தமில்லை. இந்தத் தடவை எப்படிச் செத்தேன் என்று மட்டும் மறக்காமல் விசாரித்துக்கொள்வார். அவரையும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர் என்பதால் வீட்டிலும் வெளியிலும் டிரைவர்தான். ரிட்டயரான பிறகு செவ்வாயும் வெள்ளியும் காலையில் பூங்காவுக்கு நடைப்பயிற்சி போவார். மற்ற நாட்களில் நாற்காலியை விட்டு அசைய மாட்டார். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் உடம்பின் மேல் அக்கறை வருகிற மனுஷன் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அந்த மாதம் ஏஜென்சி புதுசாக ஒரு வேலை அனுப்பியது. கணவன் மனைவி ஜோடியாகப் போக வேண்டும், இரட்டைக் கூலி. கதை சின்னதுதான். கணவனுக்குப் பென்ஷன். மனைவி வீட்டில் துணி தைத்துக் கையில் காசு வாங்குகிறாள். அதைப் பேச்சுவாக்கில் சொல்ல வேண்டும். "அதெல்லாம் காட்ட வேண்டாம், விடுங்க" என்று அலுவலர் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

முந்தின ராத்திரி சாப்பாட்டு மேஜையில் டிரைவருக்குப் பயிற்சி நடந்தது.

"நீங்க வாயே திறக்க வேண்டாம். நான் பேசுறேன். நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க."

"முப்பத்தஞ்சு வருஷமா அதத்தானே செஞ்சிட்டிருக்கேன்."

"நான் தைக்கிறேன்னு சொல்லும்போது சிரிக்கக் கூடாது."

"நீ தைக்கிறியா?" என்றார் அவர். பிறகு சமாளித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை பத்தே கால் மணிக்கு இரண்டு பேரும் கிளைக்குள் நுழைந்தார்கள். கண்ணாடித் தடுப்புப் போட்ட ஆறு மேசைகள். டோக்கன் கொடுக்கும் மெஷின் வேலை செய்யவில்லை. அதன் மேல் யாரோ ஒரு பூந்தொட்டியை வைத்திருந்தார்கள். பதினொரு நிமிஷம் காத்திருந்த பிறகு நான்காம் மேசைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், தூக்கிக் கட்டிய தலைமுடி, இஸ்திரி போட்ட சட்டை. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, ஒரு சிரிப்பும் இல்லை. கட்டணம் இவ்வளவு என்று முதலிலேயே சொன்னாள். அடையாள அட்டையை வாங்கி இரண்டு தடவை சரிபார்த்தாள். ஆப்பரேட்டரம்மா மனசுக்குள் மார்க் போட்டுக்கொண்டே தையல் கதையை எடுத்து விட்டாள்.

"கையில வர்ற காசுதாம்மா, ரசீது ஒண்ணும் இல்ல. அதையும் காட்டணுமா என்ன?"

"காட்டணும் மேடம். ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வச்சாப் போதும், கஷ்டமே இல்ல." அவள் கீ போர்டில் தட்டிக்கொண்டே டிரைவர் பக்கம் திரும்பினாள். "சார், உங்களுக்குப் பென்ஷன் தவிர வேற வருமானம் ஏதாவது? சின்னதா இருந்தாலும் சொல்லுங்க. கடைசிப் பக்கத்துல நீங்க சொன்னதெல்லாம் உண்மைன்னு கையெழுத்துப் போடணும்."

"அவருக்கு வேற ஒண்ணும் இல்ல," என்றாள் ஆப்பரேட்டரம்மா.

டிரைவர் தலையை ஆட்டவில்லை. கையெழுத்து என்ற சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. முப்பத்தோரு வருஷம் டிரிப் ஷீட்டில் ஒரு பொய் எழுதாத கை அது. இது நாடகம், கடைசியில் கையெழுத்தே கிடையாது என்று அவருக்குப் பத்துத் தடவை சொல்லியிருந்தாள். பெண்டாட்டியிடம் ஆயிரம் மறைக்கலாம், அச்சடித்த படிவத்திடம் மறைக்க அவரால் முடியாது. அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு இருக்குங்க. ரெண்டு வருஷமா."

ஆசாமி கதையில் இல்லாததை அவிழ்த்துவிடுகிறார் என்று அவளுக்குத் திக்கென்றது. மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

"ஓவியக் கல்லூரியில ஒரு வேலை."

"என்ன வேலை சார்?"

"உக்காந்திருக்கிறது."

"வாட்ச்மேனா?"

"இல்லைங்க. சும்மா உக்காந்திருக்கிறது. பசங்க சுத்தி நின்னு வரைவாங்க. செவ்வாயும் வெள்ளியும், பத்துலேர்ந்து பன்னெண்டு."

செவ்வாய், வெள்ளி என்று காதில் விழுந்ததும் ஆப்பரேட்டரம்மாவுக்கு நாடகம் முடிந்துபோனது. எதிர் வீட்டுக்காரனின் போக்குவரத்தெல்லாம் நிமிஷக் கணக்கில் தெரிந்தவளுக்கு, சொந்தப் புருஷன் இரண்டு வருஷமாக எங்கே போகிறான் என்று தெரியவில்லை.

"மாடலிங்," என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் டைப் அடித்தாள்.

"அப்படியா சொல்றது?" டிரைவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

"இதுக்காக நீங்க செஞ்ச செலவ வருமானத்துலேர்ந்து கழிச்சுக்கலாம். பயணச் செலவு, உடைச் செலவு..."

"பஸ் எனக்கு ஃப்ரீ. உடைக்குச் செலவே இல்லைங்க."

"ஏன் இல்ல?" என்றாள் ஆப்பரேட்டரம்மா.

அவர் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒரு மின்விசிறி இருந்தது. அதையே வெகு நேரம் பார்த்தார். கீ போர்டு மேல் அந்தப் பெண்ணின் விரல்கள் ஒரு கணம் நின்றன. அப்புறம் நகர்ந்தன.

"உடை, பூஜ்யம்," என்றாள். அவள் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. "போன வருஷக் கணக்கையும் சேத்துத் திருத்திக் குடுத்துடலாம் சார். நாமளே போய்ச் சொன்னா அபராதம் கம்மிதான்."

ஒரு பேப்பர் வீட்டில் இருக்கிறது என்று சொல்லி ஆப்பரேட்டரம்மா எழுந்தாள். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று அந்தப் பெண் நிதானமாக ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். நிழற்குடையின் கீழ் உட்கார்ந்ததும் அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"துணியோடயா, துணி இல்லாமலா?"

"செவ்வாய்க்கிழமை துணியோட."

"வெள்ளிக்கிழமை?"

டிரைவர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். வரவில்லை. டவுன் பஸ் வேண்டும்போது வராது என்பது அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்.

"ரெண்டு வருஷமா மறைச்சு வச்சிருக்கீங்களே. அந்தக் காசெல்லாம் எங்க போச்சு?"

"உன் வாயிலதான் இருக்கு. போன வருஷம் ரெண்டு பல்லுக்கு உறை போட்டமே."

"யூனியன்ல குடுத்தாங்கன்னு சொன்னீங்க."

"யூனியன்ல மாலை போட்டு ஒரு கடிகாரம் குடுத்தாங்க. அதுவும் ஓடல."

அவள் நாக்கால் அந்தப் பற்களைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சிரிப்ப."

"எனக்கென்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு."

"முப்பத்தோரு வருஷம் என் பின்னாடி அம்பது பேர் உக்காந்திருந்தாங்கம்மா. ஒருத்தனும் என் மூஞ்சியப் பாத்ததில்ல. எல்லாரும் பிடரியத்தான் பாத்தாங்க. அங்க போனா, முப்பது பேர் ரெண்டு மணி நேரம் கண்ண எடுக்காம முன்னாடி நின்னு பாக்குறாங்க. நல்லாத்தான் இருந்துச்சு."

"அதுக்குன்னு முன்பக்கம் மொத்தத்தையுமா காட்டுவாங்க?"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வெடித்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். "இதுக்குத்தான் சொல்லல," என்றார் டிரைவர். ஆனாலும் அவர் வாயோரமும் இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

அன்று மாலையே அறிக்கை எழுதினாள். நான்காம் மேசைக்குத் தொண்ணூற்று நாலு மார்க். மாடல் சமாச்சாரத்தை மறைக்க முடியவில்லை. 'கணவர் சொந்தமாகச் சேர்த்தது' என்று மட்டும் குறிப்பு எழுதினாள். எல்லாம் செல்லாது, கூலி கிடையாது என்று பதில் வரும் என எதிர்பார்த்தாள். மறுநாள் ஏஜென்சி மேற்பார்வையாளன் போனில் வந்தான். குரலில் உற்சாகம் வழிந்தது.

"மேடம், உங்க வீட்டுக்காரருக்கு என்ன கற்பனை. இந்த மாதிரி ஒண்ண எங்க ஆளுங்க யோசிக்கவே இல்ல. எதிர்பாராத தகவல் வந்தா ஊழியர் எப்படி நடந்துக்கிறாங்கன்னு பாக்க இதவிட நல்ல கதை கிடையாது. மத்த கிளைகள்லயும் இதையே சொல்லுங்க."

ஆக அடுத்த மூன்று வாரம் டிரைவர் கிளை கிளையாகப் போய் உண்மையைச் சொல்லிக் கூலி வாங்கினார். போகப்போகச் சொல்லும் லாவகம் கூடியது. வெள்ளிக்கிழமை சமாச்சாரத்தை எந்த இடத்தில் சொன்னால் எதிராளி பேனாவைக் கீழே போடுவான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கிளையில் அலுவலர் சிரித்ததோடு நிற்காமல் பக்கத்து மேசை ஆளையும் கூப்பிட்டு, "சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்றான். இன்னொன்றில், "இத யார் சார் கண்டுபிடிக்கப் போறாங்க, விட்டுத் தள்ளுங்க" என்று ஒரே அமுக்காக அமுக்கினார்கள். மூன்றாவதில் தலை நரைத்த ஒருவர் குரலைத் தாழ்த்திக் கல்லூரியின் போன் நம்பரைக் கேட்டார். தனக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மெண்ட் என்றார்.

மூன்றாவது கிளையின் அறிக்கையை அனுப்பிய அன்று ஆப்பரேட்டரம்மா லேப்டாப்பை மூடிவிட்டுச் சொன்னாள்: "கெடு முடிய இன்னும் ஒம்போது நாள்தான் இருக்கு. நம்ம கணக்க நிஜமாவே குடுத்துடலாம்."

"யார்கிட்ட?"

"இத்தன பேரப் பாத்தாச்சு. என் சொந்தக் காகிதத்த நம்பிக் குடுக்கணும்னா அந்த நாலாம் மேசைதான்."

அதில் ஒரு சிக்கல் இருந்தது. டிரைவரின் கணக்கு மட்டும் பாக்கி இல்லை. ஊரார் ஒழுங்கைச் சோதிக்கப் போய் அவள் வாங்கிய கூலியும் எந்தப் படிவத்திலும் ஏறவில்லை. அதை ஏற்ற வேண்டுமென்றால் அந்தப் பெண்ணிடமே உண்மையைச் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஏஜென்சிக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் கிளம்பிவிட்டாள்.

"தையல் வருமானம் எவ்வளவு போடலாம் மேடம்?" என்றாள் அந்தப் பெண், முன்பு பார்த்த அதே முகத்தோடு.

"தையலே இல்லம்மா. எனக்குப் பொத்தான்கூட வைக்கத் தெரியாது." ஆப்பரேட்டரம்மா கைப்பையிலிருந்து ஏஜென்சியின் கூலிச் சீட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினாள்.

அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் படித்தாள். நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "தொண்ணூத்தி நாலு நீங்கதானா?"

"நான்தான்."

"ஆறு மார்க் எதுக்குக் குறைச்சீங்க?"

"நீ ஒரு தடவகூடச் சிரிக்கலையேம்மா."

"சிரிச்சிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேன் மேடம். நீங்க அந்தப் பக்கம் போனதும் ஸ்டோர் ரூம்ல போய்க் கதவச் சாத்திக்கிட்டேன். மேனேஜர் நான் அழறேன்னு நினைச்சு லீவு குடுத்துட்டார்." சொல்லும்போதே அவள் தோள்கள் குலுங்கின. பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு சீட்டுகளை அடுக்கினாள். "வாடிக்கையாளர் சொல்றத வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்களுக்கும் ரூல் இருக்கு. பயப்படாதீங்க."

எல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அபராதம் நிஜமாகவே கொஞ்சம்தான். டிரைவர் நான்கு பக்கத்தையும் எழுத்து விடாமல் வாசித்துவிட்டு, மூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கிளை தனக்கு வேண்டாம் என்று ஆப்பரேட்டரம்மா ஏஜென்சிக்கு எழுதினாள். காரணம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளும் கல்லூரிக்குப் போனாள். வகுப்புக்குள் விடவில்லை. வெளி வராந்தாவில் அந்த வருஷத்து வரைபடங்களை வரிசையாகக் குத்திவைத்திருந்தார்கள். எல்லாம் டிரைவர். பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றாக நின்று மார்க் போட்டாள். ஒருவன் காதை ஒட்ட வைத்திருந்தான். ஒருவன் மரியாதைக்காகத் தலைமுடி கொடுத்திருந்தான். இன்னொருத்தி கை விரல் ஆறு போட்டுவிட்டு, அழிக்க மனமில்லாமல் விட்டிருந்தாள். கடைசி வரிசையில் ஒரு படத்தின் முன்னால் அவள் ரொம்ப நேரம் நின்றாள். மதியத் தூக்கத்துக்கு முன்னால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அவர் உட்காரும் உட்கார்வு அப்படியே இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு டிரைவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

"எப்படி?"

"பரவால்ல. வயித்த மட்டும் ஒருத்தரும் ஒழுங்காப் போடல."

"நான் மூச்ச இழுத்துப் பிடிச்சிருப்பேன்."

"ரெண்டு மணி நேரமுமா?"

"ரெண்டு வருஷமா," என்றார் அவர். படிக்கட்டு இறங்கும்போது மெதுவாக அதை விட்டார்.